ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடியும்?

1840களின் லண்டன். ஜான் ஹட்சின்சன் என்ற அறுவை மருத்துவரைத் தேடி விதவிதமான ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மாலுமிகள், தீயணைப்பு வீரர்கள், போலீஸ்காரர்கள், சிப்பாய்கள், அச்சுக்கோப்பவர்கள், குத்துச்சண்டைக்காரர்கள், கனவான்கள், தரும விடுதி ஏழைகள், குள்ளர்கள், நெட்டையர்கள் என்று அந்த வரிசை நீளும். வந்தவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். நெஞ்சு கொள்ளும் மட்டும் காற்றை இழுத்து, ஒரு குழாயில் வாயை வைத்து, இனி ஊத முடியாது என்னும்வரை ஊத வேண்டும். தண்ணீரில் கவிழ்ந்திருக்கும் உலோகப் பாத்திரம் உள்ளே புகுந்த காற்றின் அளவுக்கு மேலே எழும்பும். பக்கத்திலிருக்கும் அளவுகோலைப் பார்த்து ஹட்சின்சன் எண்ணைக் குறித்துக்கொள்வார்.

அந்தக் கருவிக்கு ஸ்பைரோமீட்டர் என்றும், அது காட்டிய அளவுக்கு வைட்டல் கெபாசிட்டி என்றும் அவர் பெயரிட்டார். 2,130 பேரை ஊதவைத்துத் தொகுத்த கணக்கை 1846இல் கட்டுரையாக வெளியிட்டார். ஐந்தடிக்கும் ஆறடிக்கும் இடைப்பட்ட ஆளுக்கு உயரம் ஓர் அங்குலம் கூடினால், ஊதும் காற்று எட்டு கன அங்குலம் கூடும் என்பது அவருடைய கண்டுபிடிப்புகளில் ஒன்று. உயரத்தை வைத்து ஒருவருக்கு இருக்க வேண்டிய அளவைக் கணிக்கும் இன்றைய முறைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. ‘அமெரிக்க ராட்சதன்’ என்று பேர் வாங்கிய ஃப்ரீமன் என்ற குத்துச்சண்டைக்காரரை இரண்டு ஆண்டு இடைவெளியில் இரு முறை அளந்தபோது, ஊதும் அளவு கணிசமாகச் சரிந்திருந்தது. சீக்கிரமே அந்த மனிதர் காசநோயில் இறந்துபோனார். வாடிக்கையாளரின் ஆயுளை முன்கூட்டியே கணிக்க விரும்பிய ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கு இந்தக் கருவி பிடித்துப்போனதில் வியப்பில்லை.

ஹட்சின்சனிடம் இன்னொரு கருவியும் இருந்தது. அதைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. ஒருவர் எவ்வளவு காற்றை ஊதுகிறார் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு விசையோடு இழுக்கிறார், எவ்வளவு விசையோடு ஊதுகிறார் என்பதைப் பாதரசக் குழாயில் காட்டும் கருவி அது. நுரையீரலின் கொள்ளளவு ஒரு சங்கதி, அதை விரிக்கும் தசையின் பலம் வேறு சங்கதி என்று அவர் அப்போதே பிரித்துப் பார்த்திருக்கிறார். 1852இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய அவர் 1861இல் ஃபிஜித் தீவில் இறந்தார். ஸ்பைரோமீட்டர் உலகமெங்கும் பரவியது. விசையை அளக்கும் யோசனையோ ஒரு நூற்றாண்டுக்கு மேல் மருத்துவமனை வாசலைத் தாண்டி அதிகம் உள்ளே வரவில்லை.

நுரையீரல் தானாக விரிவதில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே விரிந்து கிடக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கும்போதும், விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் கூட்டைத் தூக்கும்போதும்தான் காற்று உள்ளே வரும். இளம்பிள்ளை வாதம், கில்லன்-பாரே நோய், மயஸ்தீனியா, தசைச்சிதைவு நோய்கள், ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்க நரம்பு நோய் ஆகிய எல்லாவற்றிலும் அடி விழுவது இந்தத் தசைக்கு, அல்லது தசைக்கு உத்தரவு கொண்டுவரும் நரம்புக்கு. நுரையீரல் பழுதில்லாமல் இருக்கும். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் சத்தம் சுத்தமாகக் கேட்கும், எக்ஸ்-ரேயிலும் பெரிதாக எதுவும் தெரியாது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவர் மாடிப்படி ஏறப்போவதில்லை; ஆகவே அவருக்கு மூச்சு வாங்குவதும் இல்லை. மூச்சுத்தசை நலிவது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பல நோயாளிகளுக்கு அது தெரியவந்த நாளே கடைசி நாளாகவும் இருந்திருக்கிறது.

கண்ணால் பார்த்தே இதைப் பிடிக்க முடியும் என்று காட்டிய முன்னோடிகளில் ஒருவர் பாரிஸ் நகரத்து துஷேன். தசைச்சிதைவு நோய் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், மின்சாரத்தை வைத்து ஒவ்வொரு தசையாகத் தூண்டிப் பார்ப்பதே அவர் வேலை. கழுத்தின் வழியே இறங்கும் உதரவிதான நரம்பைத் தூண்டினால் வயிறு முன்னே எழும்புவதை அவர் கவனித்தார். உதரவிதானம் செயலிழந்தவரிடம் இது தலைகீழாக நடக்கும்: மூச்சை இழுக்கும்போது வயிறு உள்ளே ஒடுங்கும். படுத்திருக்கும் நோயாளியின் வயிற்றில் கையை வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனைக்கு இன்றுவரை ஓய்வு கிடைக்கவில்லை.

அடுத்த திருப்பம் இளம்பிள்ளை வாதத்தால் வந்தது. 1928இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை ஓர் இரும்புப் பெட்டிக்குள் படுக்கவைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, பெட்டிக்குள் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கி மூச்சு விட வைத்தார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த பிலிப் டிரிங்கரும் லூயி அகாசி ஷாவும் அமைத்த ‘இரும்பு நுரையீரல்’ அது. 1938 முதல் இங்கிலாந்தின் மோட்டார் கார் அதிபர் நஃபீல்டு பிரபு, மரப்பலகையால் ஆன மலிவான வகையைத் தம் தொழிற்சாலையில் செய்து, பிரிட்டிஷ் பேரரசின் மருத்துவமனைகளுக்கு இலவசமாகத் தர முன்வந்தார்.

பெட்டி வந்ததும் ஒரு சங்கடமும் கூடவே வந்தது. யாரை அதற்குள் வைப்பது, எப்போது வைப்பது? நேற்றுவரை ஓடிய பிள்ளைக்குக் காலில் தொடங்கிய வாதம் நெஞ்சுக்கு ஏறுகிறதா என்பதை மணிக்கு மணி பார்த்துச் சொல்ல ஓர் அளவு வேண்டியிருந்தது. எளிதில் கிடைத்தது எண்ணிக்கைதான். ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு, இடையில் மூச்சு வாங்காமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணச் சொல்வது. சடுகுடு ஆடுகிறவர் பாட்டை விடாமல் பாடித் திரும்புவதற்கு எந்தத் திறன் வேண்டுமோ அதே திறன்தான் இதற்கும். நல்ல உடம்புள்ள பெரியவர் சற்று விரைவாக எண்ணினால் 50ஐ ஒட்டிப் போய்விடுவார். 20ஐத் தொடத் திணறினால் கவலைப்பட வேண்டும். 10ஐ எட்ட முடியாதவரின் கட்டிலருகே செயற்கைச் சுவாசத்துக்கான ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும். காலையில் 30 எண்ணியவர் மாலையில் 18இல் நின்றால், எந்தக் கருவியும் இல்லாமலே நோய் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

1952இல் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனை இளம்பிள்ளை வாதம் சூழ்ந்தது. பிளெக்டாம் மருத்துவமனைக்கு உச்சக்கட்டத்தில் நாளொன்றுக்கு 50 பேர் வந்தார்கள். அங்கே இருந்ததோ முழு உடம்பையும் அடைக்கும் பெட்டி ஒன்று, நெஞ்சை மட்டும் மூடும் கருவிகள் ஆறு. முதல் மூன்று வாரங்களில் மூச்சுத்தசை வாதம் கண்ட 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். அவர்கள் இறந்த விதம் மருத்துவர்களைக் குழப்பியது. பலருக்கு உதடு நீலம் பாரிக்கவில்லை. உடம்பு வியர்த்தது, ரத்த அழுத்தம் ஏறியது, நினைவு தப்பியது. ரத்தத்தில் கரியமில வாயு சார்ந்த உப்பின் அளவு கூடியிருந்ததைப் பார்த்த மருத்துவர்கள், ரத்தம் ஏனோ காரத்தன்மை அடைந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

அப்படியல்ல என்று சொன்னவர் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர். அறுவை அரங்கில் நோயாளிக்குப் போதிய காற்றுப் போகாவிட்டால் இதே வியர்வையும் இதே ரத்த அழுத்தமும் வரும் என்பது அவருக்கு அன்றாட அனுபவம். நோயாளிகள் சாவது வைரஸ் மூளையைத் தாக்கியதால் அல்ல, வெளியே போக வேண்டிய கரியமில வாயு உள்ளேயே தேங்குவதால் என்றார். ஆகஸ்ட் 27ஆம் தேதி, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்திக் காட்டினார். சிறுமி பிழைத்தாள்.

தலைமை மருத்துவர் லாசன் அந்த முறையை மருத்துவமனை முழுக்க நடைமுறைக்குக் கொண்டுவந்தார். எந்திரம் இல்லாத குறையை மருத்துவ மாணவர்களும் பல் மருத்துவ மாணவர்களும் தீர்த்தார்கள். ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்து வந்து, ஒரே நேரத்தில் 70 நோயாளிகள் வரைக்கும், இரவும் பகலுமாகப் பையை அமுக்கினார்கள். 80 சதவீதத்துக்கு மேலிருந்த இறப்பு, சில மாதங்களில் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடு பிறந்தது இங்கிருந்துதான்.

இரவெல்லாம் பையை அமுக்கும் மாணவருக்கு, தான் தரும் காற்று போதுமா என்று எப்படித் தெரியும்? ஆய்வகத் தலைவர் பௌல் ஆஸ்ட்ரப் ரத்தத்தின் அமிலத்தன்மையை அளந்து, அதிலிருந்து கரியமில வாயுவின் அழுத்தத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தார். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டோ 1954இல் இந்த வாயுவை நேரடியாக அளக்கும் மின்முனையை முன்வைக்க, ஜான் செவரிங்ஹாஸ் அதைப் புழக்கத்துக்கு ஏற்றபடி செம்மைப்படுத்தினார். இன்று எந்தப் பெரிய மருத்துவமனையிலும் மணிக்கட்டிலிருந்து ரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் ‘ஏ.பி.ஜி.’ அறிக்கை தருகிறார்கள். தசைநோயாளிக்கு அதில் கரியமில வாயு கூடியிருந்தால் மூச்சுத்தசை தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆனால் அது தோல்விக்குப் பிறகு வரும் செய்தி. தோற்பதற்கு முன்பே அறிய வழி உண்டா?

அந்தக் கேள்விக்கு ஹட்சின்சனின் மறந்துபோன பாதரசக் குழாய்தான் மறுபடி விடை தந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லியோ பிளாக், ராபர்ட் ஹையட் என்ற இருவர், ஒரு முனை அடைத்த உலோக உருளையை அழுத்தமானியோடு இணைத்தார்கள். காற்றையெல்லாம் வெளியே விட்டபின் அடைத்த குழாயை முழுப் பலத்தோடு உறிஞ்ச வேண்டும். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தபின் முழுப் பலத்தோடு ஊத வேண்டும். உருளையில் ஒரு நுண்ணிய துளை வைத்திருந்தார்கள். கன்னத்தை உப்பவைத்து ஏமாற்றும் அழுத்தம் அந்தத் துளை வழியே கசிந்துவிடும்; நெஞ்சுத்தசை தரும் அழுத்தம் மட்டும் நிலைத்து நிற்கும். நோயில்லாத 120 பேரை அளந்து 1969இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில், 55 வயதுக்குட்பட்ட ஆண்கள் உறிஞ்சும்போது சராசரியாக 124 சென்டிமீட்டர் நீரழுத்தத்தையும், ஊதும்போது 233 சென்டிமீட்டரையும் எட்டினார்கள். பெண்களுக்கு 87, 152.

1971இல் அதே இருவரும் நரம்பு, தசை நோயாளிகளை அளந்தபோது ஒரு முக்கியமான உண்மை வெளிப்பட்டது. ஸ்பைரோமீட்டரில் ஓரளவு நல்ல எண் காட்டியவர்களுக்கும் அழுத்தம் பாதாளத்தில் இருந்தது. காரணம் எளியது. நல்ல நுரையீரலை ஏறக்குறைய முழுதாக விரிக்க 30, 40 சென்டிமீட்டர் அழுத்தமே போதும். 120 வரைக்கும் இழுக்கக்கூடியவரின் பலம் பாதியாகக் குறைந்தாலும், அவர் நெஞ்சை நிரப்பிக்கொண்டு முன்போலவே ஊதிக்காட்டிவிடுவார். பலம் கரைந்து கையிருப்பெல்லாம் தீர்ந்த பிறகுதான் ஊதும் அளவு சரியத் தொடங்கும். ஊதும் அளவை மட்டும் நம்பியவர்கள் நோயை எவ்வளவு பிந்திப் பார்த்திருக்கிறார்கள் என்பது அப்போது புரிந்தது. 1983இல் பிரவுன், அரோரா, ராச்செஸ்டர் ஆகிய மூவரும் 53 தசைநோயாளிகளை ஆராய்ந்து எல்லைக்கோட்டையும் வரைந்தார்கள். தசைபலம் இயல்பில் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதும், வைட்டல் கெபாசிட்டி 55 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதும் கரியமில வாயு தேங்கும் வாய்ப்பு அதிகம்.

எண்கள் வந்துவிட்டால் விதியும் வந்துவிடும். கில்லன்-பாரே நோயில் ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரையிலானோருக்கு வெண்டிலேட்டர் தேவைப்படலாம். அது யாருக்கு என்பதை முன்கூட்டிச் சொல்ல, மேயோ கிளினிக் மருத்துவர்கள் 114 நோயாளிகளின் பதிவுகளைப் பிரித்துப் பார்த்து 2001இல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். வைட்டல் கெபாசிட்டி உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்குக் கீழே, உறிஞ்சும் அழுத்தம் 30க்குக் கீழே, ஊதும் அழுத்தம் 40க்குக் கீழே. ‘20-30-40’ என்று இளம் மருத்துவர்கள் மனப்பாடம் செய்யும் விதி இதுதான்.

வாயால் உறிஞ்சும் சோதனைக்கு ஒரு குறை இருந்தது. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் பலருக்கு உதடு மூடாது. குழாயை இறுகப் பிடிக்க முடியாது. அழுத்தம் குறைவாக வந்தால் அது நெஞ்சின் பலவீனமா, உதட்டின் கசிவா என்று சொல்ல முடியாது. லண்டனில் ஜான் மாக்ஸமும் மால்கம் கிரீனும் மூக்கை உறிஞ்சும் இயல்பான செய்கையைக் கவனித்தார்கள். சளி பிடித்த குழந்தைக்கும் தெரிந்த வேலை அது. யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை. அதில் உதரவிதானம் முழு விசையோடு இறங்குகிறது என்று கண்டார்கள். ஆனால் அதை அளக்க உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் சிறு பலூன்களை இறக்க வேண்டியிருந்தது. 1994இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர்கள் பலூனை விட்டுவிட்டு, ஒரு நாசியில் அடைப்பானைச் செருகி, இன்னொரு நாசியால் பலமாக உறிஞ்சச் சொன்னார்கள். அடைத்த நாசியில் தெரியும் அழுத்தமே போதுமான விடையாக இருந்தது. ஏ.எல்.எஸ். நோயாளிக்கு இந்த அழுத்தம் 40க்குக் கீழே வந்துவிட்டால் இரவில் ஆக்சிஜன் குறையத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

படுக்கையை வைத்தே செய்யும் சோதனையும் உண்டு. உட்கார்ந்து ஊதிய அளவையும் மல்லாந்து படுத்து ஊதிய அளவையும் ஒப்பிடுவது அது. இயல்பாக இருப்பவருக்கு வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் அடங்கும். 30 சதவீதம் குறைந்தால் உதரவிதானம் பலவீனப்பட்டிருக்கிறது. படுத்ததும் வயிற்றின் பாரம் மேலே ஏறி அதை அழுத்துகிறது. மூன்று தலையணை இல்லாமல் தூங்க முடியவில்லை என்று நோயாளி சொல்வதும் இதே கணக்குத்தான். இருக்க வேண்டிய அளவைக் கணிக்க உயரம் வேண்டுமே, முதுகு வளைந்து நிமிர்ந்து நிற்க முடியாத பிள்ளைகளுக்கு அதை எப்படி எடுப்பது? கைகள் இரண்டையும் விரித்து விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளந்து அதை உயரமாகக் கொள்கிறார்கள். இருமலுக்கும் அளவு வந்தது. அமெரிக்க மருத்துவர் ஜான் பாக், இருமும்போது காற்று நிமிடத்துக்கு 160 லிட்டர் வேகத்தையாவது எட்டாவிட்டால் சளியை வெளியேற்ற முடியாது என்று காட்டினார். 270க்குக் கீழே போகும்போதே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்; சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட அப்படிப்பட்டவர்களை மருத்துவமனையில் சேர்த்துவிடும்.

இந்த வரலாற்றில் தெற்காசியாவின் பக்கமும் ஒன்று உண்டு. 1980களில் இலங்கையில் பூச்சிமருந்து குடித்து மருத்துவமனைக்கு வந்தவர்களில் சிலருக்கு, முதல் கண்டத்தைத் தாண்டித் தேறிவந்த நிலையில் திடீரென்று மூச்சு நின்றுபோனது. பேராதனையைச் சேர்ந்த நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் அப்படிப்பட்ட பத்து நோயாளிகளைப் பற்றி 1987இல் எழுதினார்கள். விஷம் உள்ளே போய் ஒரு நாள் முதல் நான்கு நாளுக்குள் வரும் இந்த இடைக்கட்ட வாதத்தில், கழுத்தை வளைக்கும் தசைகள் முன்னதாகவே சோர்கின்றன. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா என்று பார்ப்பது இன்று விஷமருந்து வார்டுகளில் அன்றாடச் சோதனை. தலையைத் தூக்க முடியாதவரின் உதரவிதானமும் சீக்கிரம் கைவிடும்.

பாம்புக்கடியிலும் இப்படித்தான். கட்டுவிரியனோ நல்லபாம்போ தீண்டியவருக்கு முதலில் கண்ணிமை சரியும், பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு. இந்தியப் பாம்புக்கடி சிகிச்சை வழிகாட்டிகள் ஸ்பைரோமீட்டர் இல்லாத இடங்களை நினைத்து, ஒரே மூச்சில் எண்ணும் சோதனையை மறுபடி மறுபடி செய்து குறித்துவைக்கச் சொல்கின்றன. இளம்பிள்ளை வாத வார்டுகளின் கைவைத்தியம் இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆயுதமாகிவிட்டது.

அளந்து என்ன பயன் என்ற கேள்விக்கு 1980களுக்கு முன்னால் தயக்கமில்லாமல் சொல்லப் பதில் இல்லை. மூக்கில் முகமூடி பொருத்தித் தூக்கத்தில் காற்றைச் செலுத்தும் கருவிகள் வந்தபின் நிலைமை மாறியது. கனவு காணும் தூக்கத்தில் மற்ற மூச்சுத்தசைகள் ஓய்ந்துபோக உதரவிதானம் மட்டுமே வேலை செய்யும். அது பலவீனமாக இருந்தால் முதல் சறுக்கல் அங்கேதான். துஷேன் தசைச்சிதைவுள்ள பையன்களில், வைட்டல் கெபாசிட்டி ஒரு லிட்டருக்குக் கீழே இறங்கியபின் ஐந்து ஆண்டு உயிரோடிருந்தவர் 8 சதவீதமே என்று 2001இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. இங்கிலாந்தின் நியூகாசல் மையத்தில் 1960களில் இந்நோயாளிகள் இறந்த சராசரி வயது 14.4. 1990க்குப் பிறகு இரவு நேரச் செயற்கைச் சுவாசம் பெற்றவர்களுக்கு அது 25.3 ஆனது. அதே நியூகாசலில் 41 ஏ.எல்.எஸ். நோயாளிகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2006இல் வெளிவந்தது. விழுங்கும், பேசும் தசைகள் அதிகம் கெடாதவர்கள் முகமூடிக் கருவியால் சராசரியாக 205 நாட்கள் கூடுதலாக வாழ்ந்தார்கள். மூச்சுத்தசை நலிவதை உரிய நேரத்தில் அளந்து கண்டுகொண்டதால்தான் அந்த நாட்கள் கிடைத்தன.

கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. 98 காட்டினால் மூச்சு நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது. தசைநோயாளிக்கு அந்த நம்பிக்கை ஆபத்தானது. அவருக்கு ஆக்சிஜன் கடைசியாகத்தான் குறையும், கரியமில வாயு அதற்கு முன்பே ஏறியிருக்கும். ஆக்சிஜன் சிலிண்டரை மட்டும் மாட்டிவிட்டால் விரலில் எண் அழகாக இருக்கும். உள்ளே தேக்கம் வளர்ந்துகொண்டே போகும்.

வீட்டில் தசைச்சிதைவோ, ஏ.எல்.எஸ்.ஸோ, மயஸ்தீனியாவோ உள்ளவர் இருந்தால், காலைத் தலைவலி, பகல் தூக்கம், கெட்ட கனவு, நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் தூக்கம் வருவது, இருமல் வலுவிழப்பது ஆகியவற்றை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மூச்சு வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். உட்கார்ந்தும் படுத்தும் ஊதும் சோதனை, உறிஞ்சும் அழுத்தச் சோதனை ஆகிய இரண்டையும் சில மாதங்களுக்கு ஒருமுறை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இதற்கு ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது, அரை மணி நேரம் போதும்.